ட்ரிபிள் நெட் லீஸ் சொத்தை வாங்கும் முன் எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ட்ரிபிள் நெட் சொத்து, அதாவது வாடகையோடு சொத்து வரி, காப்பீடு, பராமரிப்புச் செலவுகளையும் வாடகைதாரரே ஏற்கும் கடைக் கட்டடம், விற்பனைக்கு வந்தால் ப்ரோஷரின் முதல் பக்கத்தில் நான்கு விஷயங்கள் இருக்கும்: கடையின் லோகோ, விலை, கேப் ரேட் (ஆண்டு நிகர வருமானம் விலையில் எத்தனை சதவீதம் என்பது), லீஸில் மிச்சமிருக்கும் ஆண்டுகள். புதிதாக வருபவர்கள் இந்த நான்கையும் பார்த்து மனதுக்குள் வாங்கி முடித்துவிடுகிறார்கள். லீஸ் பத்திரம் கைக்கு வரும்போது அதில் குறை தேட மனம் வருவதில்லை.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் லீஸ், அடுத்து அதில் கையெழுத்திட்டவர் யார், அடுத்து அவர் போய்விட்டால் அந்தக் கட்டடம் என்ன பெறும், கடைசியில்தான் விலை. நீங்கள் வாங்குவது ஒரு வாக்குறுதி, அந்த வாக்குறுதி முடியும் நாளில் கையில் நிற்கும் ஒரு காலிக் கட்டடம். லோகோ விற்பனையில் சேராது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விற்பவரின் ப்ரோக்கரிடம் முதல் நாளே கேட்க வேண்டியது: லீஸின் முழுப் பிரதி, அதன் எல்லாத் திருத்தங்கள், வாடகை தொடங்கிய தேதியை உறுதிசெய்யும் கடிதம், கியாரண்டி பத்திரம், கடந்த மூன்று ஆண்டு சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு ரசீதுகள், இருந்தால் கடையின் விற்பனை அறிக்கை. "லீஸ் சுருக்கம் அனுப்புகிறோம்" என்பார்கள். சுருக்கத்தை வைத்து விலை சொல்லாதீர்கள். அதை எழுதியவர் விற்பவரின் ஆள். நீதிமன்றத்தில் நிற்பது மூலப் பத்திரம் மட்டுமே.

ஆட்கள் மூன்று பேர் வேண்டும்: சொத்து இருக்கும் மாநிலத்தில் வணிக ரியல் எஸ்டேட் பார்க்கும் வக்கீல், உங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்), அந்த ஊரில் கடைகளை வாடகைக்கு விடும் ப்ரோக்கர் ஒருவர். இந்த மூன்றாவது ஆளைப் பலரும் தேடுவதே இல்லை. விற்கும் ப்ரோக்கருக்கு விலை தெரியும். வாடகைக்கு விடும் ப்ரோக்கருக்குத்தான் இடம் காலியானால் என்ன ஆகும் என்று தெரியும்.

1. இது உண்மையிலேயே ட்ரிபிள் நெட்தானா?

மூன்று 'நெட்' என்பவை சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு. மூன்றையும் வாடகைதாரர் ஏற்றால் ட்ரிபிள் நெட். ஆனால் சந்தையில் இந்தச் சொல்லைத் தாராளமாக ஒட்டுகிறார்கள். ப்ரோஷரின் அட்டையில் 'ட்ரிபிள் நெட்' என்றும், உள்ளே சிறிய எழுத்தில் 'கூரை, அடித்தளம், வெளிச்சுவர் உரிமையாளர் பொறுப்பு' என்றும் இருந்தால் அது டபுள் நெட். கூரையும் கட்டமைப்பும் சேர்த்து எல்லாமே வாடகைதாரர் தலையில் என்றால் அது அப்சல்யூட் நெட்.

நான்காவதாக கிரவுண்ட் லீஸ். இதில் நிலம் மட்டுமே உங்களுடையது. கட்டடம் வாடகைதாரர் கட்டியது, லீஸ் முடிந்ததும் வழக்கமாக உங்களிடம் வந்து சேரும். மெக்டொனால்ட்ஸ், சிக்-ஃபில்-ஏ போன்ற கடைகளில் இந்த வகை அதிகம். பாதுகாப்பு கூடுதல், கேப் ரேட் குறைவு. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்பதால் வரிச் சலுகையும் அநேகமாக இல்லை.

வகையை முதலில் தீர்மானிக்கக் காரணம் இருக்கிறது. டபுள் நெட்டில் 6.5 சதவீதமும் அப்சல்யூட் நெட்டில் 6.5 சதவீதமும் ஒரே வருமானம் அல்ல. முன்னதிலிருந்து ஒரு கூரையின் விலையைக் கழிக்க வேண்டும்.

2. லீஸை எந்த வரிசையில் படிப்பது

வக்கீல் படிப்பார்தான். ஆனால் அவர் சட்டச் சிக்கலைத் தேடுவார், பணச் சிக்கலை நீங்கள்தான் தேட வேண்டும். முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், கடைசியாகக் கையெழுத்தான திருத்தத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். மூல லீஸில் உள்ள வாடகை அட்டவணை மூன்றாவது திருத்தத்தில் குறைக்கப்பட்டிருக்கலாம். திருத்தங்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று வந்தால் மூன்று எங்கே என்று கேளுங்கள்.

முதலில் தேதிகள். லீஸ் கையெழுத்தான நாள், வாடகை தொடங்கிய நாள், முதல் காலம் முடியும் நாள் மூன்றும் வேறு வேறு. '15 ஆண்டு லீஸ்' என்று விற்கப்படுவதில் 11 ஆண்டுகள்தான் மிச்சம் இருக்கும். நீட்டிப்பு வாய்ப்புகளை மிச்ச ஆண்டுகளோடு கூட்டாதீர்கள். அவை வாடகைதாரரின் உரிமை, உங்கள் வருமானம் அல்ல. இடம் லாபமாக இருந்தால் பயன்படுத்துவார், இல்லாவிட்டால் போய்விடுவார்.

அடுத்து முன்கூட்டியே விலகும் உரிமை. '75 ஆண்டு லீஸ்' என்று எழுதி, 20 அல்லது 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலகலாம் என்று சேர்த்திருப்பார்கள். பழைய மருந்துக்கடை லீஸ்களில் இது வழக்கம். அங்கே உண்மையான காலம் முதல் விலகல் தேதி வரைதான்.

பிறகு வாடகை உயர்வு. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதமா, ஐந்தாண்டுக்கு 10 சதவீதமா, அல்லது முதல் காலம் முழுக்க ஒரே தொகையா? மூன்றாவது வகையில் உயர்வு நீட்டிப்புக் காலத்தில் மட்டும் வரும். ப்ரோஷர் இதை '10 சதவீத உயர்வுகள்' என்று மட்டும் சொல்லும்.

அதன்பின் பொறுப்புகள். 'பராமரிப்பு', 'பழுதுபார்ப்பு', 'மாற்றியமைத்தல்' மூன்றும் லீஸில் தனித்தனிச் சொற்கள். கூரையின் மேலிருக்கும் ஏசி-ஹீட்டிங் யூனிட்டை வாடகைதாரர் பராமரித்து, பழுதும் பார்த்து, மாற்ற வேண்டிய அன்று மட்டும் உங்களைக் கைகாட்டுவார். பத்திரம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். பார்க்கிங் லாட்டிலும் இதே கதை: பள்ளம் அடைப்பது அவர், முழுக்கத் தார் போடுவது நீங்கள். பொதுப் பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தால் அதைத் தாண்டும் செலவு உங்களுடையது.

கலிஃபோர்னியாவில் தனியாக ஒன்று பார்க்க வேண்டும். 1978-ல் வந்த ப்ரோபசிஷன் 13 என்ற சட்டத்தின்படி சொத்தின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் கைமாறும்போது விற்பனை விலைக்கு மறுமதிப்பீடு ஆகிவிடும். பல ஆண்டுகள் ஒருவர் கையிலேயே இருந்த சொத்தை நீங்கள் வாங்கினால் வரி பல மடங்காகலாம். சில வாடகைதாரர்கள் 'விற்பனையால் ஏறும் வரி எங்கள் பொறுப்பல்ல' என்ற விதியை லீஸில் வாங்கிவைத்திருப்பார்கள். அப்படியானால் அந்த வித்தியாசம் ஆண்டுதோறும் உங்கள் பையிலிருந்து போகும். விதி இல்லாவிட்டாலும் கடைக்காரரின் செலவு ஏறி, நீட்டிப்பு நேரத்தில் பேரம் பேச அவருக்குக் காரணம் கிடைக்கும்.

மிச்சம் பார்க்க வேண்டியவை: கதவை மூடிவிட்டு வாடகை மட்டும் கட்டும் உரிமை; பக்கத்துப் பெரிய கடை மூடினால் வாடகை குறையும் விதி; லீஸை வேறொருவருக்கு மாற்றிவிட்டால் பழையவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறாரா என்பது; தீ விபத்தானால் கடைசி ஓரிரு ஆண்டுகளில் விலகும் உரிமை; சொத்து விற்பனைக்கு வந்தால் முதலில் தனக்கே தர வேண்டும் என்ற வாடகைதாரரின் முன்னுரிமை. கடைசியாகச் சொன்னது இருந்தால், அதை அவர் விட்டுக்கொடுத்ததாக எழுத்தில் வராமல் ஆய்வுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நீங்கள் பேசி முடித்த விலையில் அவர் வாங்கிவிட்டுப் போவார்.

3. கையெழுத்திட்டவர் யார்

கடைப் பலகையில் இருக்கும் பெயரும் லீஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பது அபூர்வம். டாலர் ஜெனரல் கடைகளில் பெரும்பாலும் வாடகைதாரர் டோல்ஜென்கார்ப் என்ற துணை நிறுவனம். தாய் நிறுவனத்தின் கியாரண்டி தனிப் பத்திரமாக வரும். அந்தப் பத்திரம் இல்லையென்றால் பெரிய பெயரின் பலம் உங்களுக்கு இல்லை.

ஃப்ரான்சைஸ் கடைகளில் இது இன்னும் முக்கியம். டாக்கோ பெல் பலகைக்குக் கீழே எண்பது கடை நடத்தும் நிறுவனமும் இருக்கலாம், இரண்டு கடை நடத்தும் எல்எல்சியும் (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) இருக்கலாம். எத்தனை கடைகள், எத்தனை ஆண்டுகளாக, கியாரண்டி தருவது எல்லாக் கடைகளையும் வைத்திருக்கும் நிறுவனமா அல்லது இந்த ஒரு கடைக்காகத் தொடங்கிய எல்எல்சியா என்று கேளுங்கள். கியாரண்டிக்குக் காலக்கெடு உண்டா என்பதையும் பாருங்கள். சில கியாரண்டிகள் ஐந்தாம் ஆண்டோடு காலாவதியாகும்.

பெரிய நிறுவனமானால் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் கடன் தரம் பொதுவெளியில் கிடைக்கும். எஸ்&பி அளவில் பிபிபி மைனஸ், மூடீஸ் அளவில் பிஏஏ3 ஆகியவை முதலீட்டுத் தரத்தின் கீழ்ப்படி. அதற்குக் கீழே போனால் சொத்தின் விலையும் இறங்கும். தரம் என்பது இன்றைய நிலை மட்டுமே. உங்கள் லீஸ் பதினைந்து ஆண்டு ஓட வேண்டும். மருந்துக்கடைச் சங்கிலியான வால்கிரீன்ஸ் ஒருகாலத்தில் இந்தச் சந்தையில் தங்கம் போலப் பேசப்பட்டது. 2023 டிசம்பரில் மூடீஸ் அதை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறக்கியது; 2024 அக்டோபரில் மூன்று ஆண்டுகளில் 1,200 கடைகளை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. இன்னொரு மருந்துக்கடைச் சங்கிலியான ரைட் எய்ட் 2023 அக்டோபரிலும் 2025 மே மாதத்திலும் இரண்டு முறை திவால் மனு போட்டது.

திவாலானால் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய திவால் சட்டத்தின் 365-வது பிரிவு, லீஸை அப்படியே ஏற்கவோ முழுதாக உதறவோ வாடகைதாரருக்கு உரிமை தருகிறது. முடிவெடுக்க 120 நாள்; நீதிமன்றம் மேலும் 90 நாள் தரலாம். உதறினால் மிச்சமுள்ள பத்து ஆண்டு வாடகையையும் நீங்கள் கோர முடியாது. 502-வது பிரிவு உங்கள் கோரிக்கைக்கு வரம்பு வைக்கிறது: ஓராண்டு வாடகை, அல்லது மிச்சக் காலத்தின் 15 சதவீதம், இரண்டில் பெரியது; பின்னது மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. பத்து ஆண்டு பாக்கி என்றால் சுமார் ஒன்றரை ஆண்டு வாடகை. அதுவும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்று, டாலருக்குச் சில சென்ட் என்று வரலாம்.

ஆனாலும் எல்லாக் கடையையும் உதறிவிடுவதில்லை. லாபம் தரும் கடைகளின் லீஸை வைத்துக்கொள்வார்கள். அதனால் நிறுவனத்தின் தரத்தைவிட இந்த ஒரு கடையின் விற்பனை பெரிய பாதுகாப்பு. விற்பனை அறிக்கை தர வேண்டும் என்று லீஸில் இருந்தால் வாங்கிப் பாருங்கள். துரித உணவுக் கடையில் வாடகை, விற்பனையில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆறுதல். 10-ஐத் தாண்டினால் கடைக்காரருக்கு மூச்சுமுட்டும். அறிக்கை கிடைக்காவிட்டால் வேறு வேறு நாள், வேறு வேறு நேரம் போய் ட்ரைவ்-த்ரூ வரிசையில் கார்களை எண்ணுங்கள். துல்லியம் இருக்காது, ஆனால் பொய்யும் இருக்காது.

4. காலிக் கட்டடத்தின் மதிப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கணக்கைத்தான் போட நேரமிருக்கிறது என்றால் இதைப் போடுங்கள்.

ஒரு கற்பனைச் சொத்து: 9,100 சதுர அடி, ஆண்டு வாடகை 1,30,000 டாலர், விலை 20 லட்சம் டாலர். கேப் ரேட் 6.5 சதவீதம். சதுர அடிக்கு ஏறக்குறைய 14.30 டாலர் வாடகை.

அதே சாலையில் இதே அளவு இடம் இன்று என்ன வாடகைக்குப் போகும் என்று மேலே சொன்ன மூன்றாவது ஆளைக் கேளுங்கள். 9 டாலர் என்கிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 81,900. சாதாரண வாடகைதாரருக்கு 8.5 சதவீதக் கேப் ரேட் போட்டால் மதிப்பு சுமார் 9,63,500. இதில் புதியவருக்காக உள்வேலை, சதுர அடிக்கு 30 டாலர் வீதம் 2,73,000. பத்தாண்டு லீஸுக்கு 6 சதவீதக் கமிஷன் சுமார் 49,000. காலியாக இருக்கும் ஓராண்டுக்கு வரி, காப்பீடு, காவல், புல்வெட்டு எல்லாம் சேர்த்து 40,000. மிச்சம் ஏறக்குறைய 6 லட்சம்.

20 லட்சம் கொடுத்து வாங்குவதில் 6 லட்சம் நிலமும் கட்டடமும். 14 லட்சம் அந்த ஒரு வாடகைதாரரின் கையெழுத்துக்கு. இது தப்பென்று சொல்லவில்லை. தெரிந்து கொடுங்கள் என்பதுதான் பேச்சு.

வாடகை ஏன் சந்தையைவிட இவ்வளவு உயரத்தில் நிற்கிறது? கட்டிக்கொடுத்த டெவலப்பரின் செலவை வாடகையாக மாற்றியிருப்பார்கள், அல்லது நிறுவனம் தன் சொந்தக் கட்டடத்தை விற்றுத் தானே வாடகைக்கு எடுத்திருக்கும். வாடகை உயர உயர விற்பனை விலையும் உயரும் என்பதால், இந்த இரண்டாவது வகையில் வாடகையைத் தூக்கி எழுத ஆசை வரும். ரெட் லாப்ஸ்டர் உணவகங்களின் நிலமும் கட்டடமும் 2014-ல் 150 கோடி டாலருக்கு விற்கப்பட்டு அப்படியே வாடகைக்கு எடுக்கப்பட்டன; 2024 மே மாதம் திவால் மனு போட்டபோது, சந்தையைத் தாண்டிய வாடகைகளையும் காரணங்களில் ஒன்றாக நிறுவனம் சொன்னது.

5. இடமும் கட்டடமும்

கட்டாயம் நேரில் போக வேண்டும். சாலையின் இரு திசையிலிருந்தும் வண்டி உள்ளே திரும்ப முடிகிறதா, நடுவில் தடுப்பு வரப்போகிறதா, பலகை தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். மாநிலப் போக்குவரத்துத் துறைகள் சாலைவாரியாக வாகன எண்ணிக்கை வெளியிடுகின்றன. ப்ரோஷர் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு சாலைகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒரே எண்ணாகப் போடும் பழக்கம் உண்டு.

கட்டடம் எவ்வளவு சுலபமாக வேறு கடையாக மாறும் என்பதையும் யோசியுங்கள். செவ்வகப் பெட்டி போன்ற கட்டடம் எதற்கும் உதவும். கார் கழுவும் நிலையம், வங்கிக் கிளை, ஒரே பிராண்டின் முகச்சாயலோடு கட்டிய உணவகம் ஆகியவற்றை மாற்ற இடிப்பதே மலிவாக இருக்கும்.

கூரையைப் பார்க்கத் தனியாக ஒரு கூரை ஒப்பந்தக்காரரை ஏற்றுங்கள். உற்பத்தியாளர் வாரண்டி இருந்தாலும் விற்பனைக்குப் பின் குறித்த நாட்களுக்குள் பெயர் மாற்றாவிட்டால் பல வாரண்டிகள் செல்லாது.

6. எண்களை நீங்களே கட்டுங்கள்

ப்ரோஷரின் நிகர இயக்க வருமானம் வெறும் வாடகைதான். அதிலிருந்து உங்கள் எல்எல்சி கட்டணம், கணக்கர், உங்கள் பெயரில் பொறுப்புக் காப்பீடு, கூரைக்கும் பார்க்கிங்குக்கும் ஒதுக்கீடு ஆகியவற்றைக் கழியுங்கள். மேலே சொன்ன சொத்துக்கு ஆண்டுக்கு 5,000 என்று வைத்தால் 1,25,000.

இப்போது கடன். 12 லட்சம் டாலர், 6.75 சதவீத வட்டி, 25 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 8,290, ஆண்டுக்கு 99,500. கடன் தாங்கும் விகிதம், அதாவது வருமானத்தை ஆண்டுத் தவணையால் வகுத்தது, 1.25-க்கு ஒட்டி வருகிறது. வங்கிகள் வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். கையில் மிஞ்சுவது 25,500. நீங்கள் போட்டது முன்பணம் 8 லட்சம், பத்திரச் செலவு 40,000. உங்கள் பணத்துக்கு ஆண்டு வருவாய் 3 சதவீதம்.

6.5 எப்படி 3 ஆனது? கடனின் ஆண்டுத் தவணை, கடன் தொகையில் 8.3 சதவீதம். சொத்து தருவது 6.5. ஒவ்வொரு கடன் டாலரும் உங்கள் பணத்திலிருந்து தின்கிறது. தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் வட்டி மட்டுமே 6.75 என்பதால் அதைக் கணக்கில் சேர்த்தாலும் கடன் இங்கே உதவவில்லை. கடன் இருந்தால் வருமானம் பெருகும் என்று பழகியவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று: இந்தக் கடன் 12 லட்சம், காலிக் கட்டடத்தின் மதிப்பு 6 லட்சம். தனிப்பட்ட பொறுப்போடு கையெழுத்திட்டிருந்தால் வித்தியாசம் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். வணிகக் கடன் 25 ஆண்டுத் தவணையில் இருந்தாலும் 5 முதல் 10 ஆண்டில் மொத்தமாகத் திருப்ப வேண்டியிருக்கும். அந்தத் தேதி லீஸ் முடியும் தேதிக்கு அருகில் விழக் கூடாது. லீஸில் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும் சொத்துக்கு மறுகடன் கிடைப்பது கடினம்.

கடைசியாக விற்கும் நாள். கடனே இல்லாமல் வாங்குகிறீர்கள், 15 ஆண்டு லீஸ், வாடகை உயர்வே கிடையாது, பத்தாம் ஆண்டு முடிவில் விற்கிறீர்கள். அன்று வாங்குபவர் பார்ப்பது ஐந்து ஆண்டு மிச்சமுள்ள லீஸ். அவர் 8 சதவீதக் கேப் ரேட் கேட்பார். 1,30,000-ஐ 8 சதவீதத்தால் வகுத்தால் 16,25,000. விற்பனைச் செலவு 4 சதவீதம் போக 15,60,000. பத்தாண்டு வருமானத்தையும் சேர்த்து ஆண்டு வருவாய் சுமார் 4.2 சதவீதம். அதே சொத்தில் ஐந்தாண்டுக்கு 10 சதவீத உயர்வு இருந்தால் பதினோராம் ஆண்டு வாடகை 1,57,300, விற்பனை விலை சுமார் 19,66,000, ஆண்டு வருவாய் 5.8 சதவீதம். ப்ரோஷரில் இரண்டுக்கும் ஒரே 6.5-தான் அச்சாகியிருக்கும்.

7. வரிக் கணக்கு, சுருக்கமாக

வணிகக் கட்டடத்துக்குத் தேய்மானம் 39 ஆண்டு. விலையில் 15 லட்சம் கட்டடம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 38,460 டாலர். விற்கும்போது அந்தத் தொகைக்கு 25 சதவீதம் வரை வரி திரும்பி வரும்.

சம்பளக்காரர்கள் கவனிக்க: இந்த வருமானம் பொதுவாக பேசிவ் வருமானம், அதாவது நேரடி உழைப்பில்லாமல் வரும் வருமானம், என்ற வகையில் சேரும். இதில் காகித நட்டம் வந்தாலும் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது, பின்னாளுக்குத் தள்ளிப்போகும். வாடகைத் தொழிலுக்கான 20 சதவீத வருமானக் கழிவைச் சந்தேகமின்றிப் பெற உதவும் பாதுகாப்பு விதியிலும் ட்ரிபிள் நெட் சேராது. அமெரிக்காவில் வசிக்காதவர் வாங்கினால் மொத்த வாடகையில் 30 சதவீதம் பிடித்தம், நிகர வருமானத்துக்கு வரி கட்டும் விருப்பத்தைத் தெரிவிக்காவிட்டால். விற்கும்போது விலையில் 15 சதவீதம் பிடித்தம். இவற்றை வாங்கும் முன் சிபிஏவிடம் பேசுங்கள். பின்னால் பேசினால் திருத்த வழி குறைவு.

8. ஒப்பந்தமும் ஆய்வுக் காலமும்

விற்பனை ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு 30 நாளாவது கேளுங்கள். அந்தக் கடிகாரம் கையெழுத்தான நாளில் ஓடத் தொடங்காமல், கேட்ட ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஓட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

முதல் நாளே ஆர்டர் செய்ய வேண்டியவை டைட்டில் அறிக்கை (உரிமையும் அதன் மேலுள்ள வில்லங்கமும்), ஆல்டா சர்வே (எல்லையையும் வழியுரிமையையும் காட்டும் நில அளவை), ஃபேஸ் ஒன் சுற்றுச்சூழல் ஆய்வு (மாசு இருக்கும் வாய்ப்பைத் தேடுவது). சர்வேவுக்கு மூன்று நான்கு வாரமாகும். "விலை உறுதியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளினால் ஆய்வுக் காலம் முடிந்து முன்பணம் திரும்பாத நிலைக்குப் போன பிறகே அறிக்கை வரும்.

ஃபேஸ் ஒன் ஆய்வை ஏஎஸ்டிஎம் ஈ1527-21 தரத்தில், உங்கள் பெயருக்கும் உங்கள் எல்எல்சியின் பெயருக்கும் எழுதி வாங்குங்கள். விற்பவர் தரும் பழைய அறிக்கை போதாது. நேரில் பார்ப்பது, ஆவணத் தேடல், நேர்காணல் போன்ற முக்கியப் பகுதிகள் வாங்கும் நாளுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் செய்தவையாக இருக்க வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் சட்டப்படி மாசைச் சுத்தம் செய்யும் பொறுப்பு, அதை உண்டாக்காத இன்றைய உரிமையாளர் மேலும் விழும். வாங்கும் முன் முறையான ஆய்வு செய்தவருக்குத்தான் பாதுகாப்பு. பெட்ரோல் நிலையம், ட்ரை கிளீனிங் கடை, கார் பழுதுபார்ப்பு இருந்த இடம் என்றால், பக்கத்து மனையில் இருந்தாலும்கூட, அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

டைட்டில் அறிக்கையில் விதிவிலக்குப் பட்டியலைச் சர்வே வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். பக்கத்து மனைக்காரரின் பார்க்கிங் வழியாகத்தான் உங்கள் ட்ரைவ்-த்ரூ போகிறது, அதற்கு எழுத்து உரிமை இல்லை என்பது போன்ற சங்கதிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஊராட்சி விதிப்படி ட்ரைவ்-த்ரூ புதிதாக அனுமதிக்கப்படாத பகுதியா, தீப்பிடித்தால் மறுபடி கட்ட முடியுமா என்பதையும் கேளுங்கள்.

இவற்றில் தவிர்க்கவே கூடாதது எஸ்டாப்பல் சான்று. வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரை கட்டியாயிற்று, திருத்தங்கள் எவை, உரிமையாளர் ஏதாவது பாக்கி வைத்திருக்கிறாரா, தகராறு உண்டா என்று வாடகைதாரரே கையெழுத்திட்டுத் தரும் கடிதம் இது. பத்திரப் பதிவுக்கு 30 நாட்களுக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். கியாரண்டி தருபவரும் கையெழுத்திட வேண்டும். விற்பவர் தானே எழுதித் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். வாடகைதாரரின் எஸ்டாப்பல் வராவிட்டால் முன்பணத்தோடு விலகும் உரிமையை ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகல் பற்றி உரிமையாளருக்குப் போன கடிதங்கள் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் முதன்முதலாக வெளிவரும்.

9. 1031 எக்ஸ்சேஞ்ச் பணத்தோடு வருபவர்களுக்கு

1031 எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு முதலீட்டுச் சொத்தை விற்ற பணத்தில் இன்னொன்றை வாங்கி, லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடும் முறை. பழைய சொத்தை விற்ற நாளிலிருந்து 45 நாளில் புதிய சொத்துகளை எழுத்தில் குறிப்பிட வேண்டும், 180 நாளில் வாங்கி முடிக்க வேண்டும். ஞாயிறு, விடுமுறை என்று தள்ளுபடி கிடையாது. விற்ற பணம் உங்கள் கணக்கைத் தொடக் கூடாது. அந்தப் பணத்தை வைத்திருக்கும் இடைநிலை நிறுவனத்தை விற்பனைக்கு முன்பே அமர்த்த வேண்டும்.

விற்பவர்களுக்கு இந்த 45 நாள் நன்றாகத் தெரியும். நாற்பதாம் நாளில் நிற்பவரிடம் விலை இறங்காது. அதனால் இந்த வழிகாட்டியின் முதல் நான்கு படிகளைப் பழைய சொத்து விற்கும் முன்பே இரண்டு மூன்று சொத்துகளுக்குச் செய்துவையுங்கள். பொதுவிதிப்படி எந்த மதிப்பிலும் மூன்று சொத்துகளைக் குறிப்பிடலாம். மூன்று இடத்தையும் நிரப்புங்கள். ஒன்றில் எஸ்டாப்பல் கெட்டால் மற்றொன்று நிற்கும்.

10. பத்திரம் முடிந்த வாரம்

வாடகையை எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்ற கடிதம், பழைய உரிமையாளரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்டு, லீஸில் சொன்ன அறிவிப்பு முகவரிக்குப் போக வேண்டும். கடை மேலாளரிடம் கொடுத்தால் தலைமையகத்துக்குப் போய்ச் சேராது. வாடகைதாரரின் காப்பீட்டுச் சான்றில் உங்கள் எல்எல்சியும் கடன் தந்த வங்கியும் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள்.

சொத்து வரியை வாடகைதாரர் நேராகக் கட்டுகிறார் என்றால், அவர் கட்டிவிட்டாரா என்று ஒவ்வொரு தவணைக்கும் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பாக்கி விழுந்தால் உரிமை அவருடைய பெயரில் இல்லை, உங்கள் பெயரில் இருக்கிறது.

நாட்காட்டியில் நான்கு தேதிகளைக் குறித்துவையுங்கள்: அடுத்த வாடகை உயர்வு, நீட்டிப்பு அறிவிப்புக்குக் கடைசி நாள், கடன் முடியும் நாள், காப்பீட்டுப் புதுப்பிப்பு. வாடகை உயர்வை வாடகைதாரரின் கணக்குப் பிரிவு மறந்துவிடுவது சகஜம். நீங்களும் மறந்தால் பழைய தொகையே வந்துகொண்டிருக்கும்; ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பேச்சுவார்த்தைதான் மிஞ்சும்.